பொருந்தும் நினைவகம்

பழைய மடிக்கணினி ஊர்ந்து செல்வதைக் கண்டு சலித்தோர் பலர். அதற்குப் பெரும்பாலும் நினைவகக் குறைவே காரணம். நினைவகம் எழுத்தாளர் ஒருவரின் மேசை போன்றது. மேசை சிறிதாயின், தாள்களை அலுமாரியில் வைப்பதும் எடுப்பதுமாகவே காலம் கழியும். புதுக் கணினியின் விலையிற் சிறு பகுதியைச் செலவிட்டு இக்குறையைத் தீர்க்கலாம். ஆயின், வாங்கும் நினைவகம் பொருந்துவதாய் இருத்தல் வேண்டும்.

முதற்கண், நம் கணினியில் நினைவகத்தை மாற்ற இயலுமா என்று அறிதல் வேண்டும். மெலிந்த கணினிகள் பலவற்றில் அது தாய்ப்பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டுள்ளது. 2012இல் வெளிவந்த ரெட்டினா திரையுடைய மாக்புக் புரோ இதற்கோர் எடுத்துக்காட்டு. அத்தகையவற்றில் வாங்கிய அளவே இறுதி அளவு.

அடுத்தது தலைமுறை. மடிக்கணினிக்குரிய டீடீஆர் 3 துண்டில் 204 தொடுமுனைகளும், டீடீஆர் 4இல் 260உம், டீடீஆர் 5இல் 262உம் உள்ளன. வெட்டுப்பள்ளங்களும் இடம் மாறியுள்ளன. ஆதலின் ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்று நுழையாது. பிழை உடனே புலப்பட்டுவிடும்.

நுழைந்தும் இயங்காத துண்டே நம்மை ஏமாற்றுவது. டீடீஆர் 3 இயங்குவது 1.5 வோல்ற்றில், டீடீஆர் 3 எல் 1.35 வோல்ற்றிலும் இயங்கும். இரண்டின் வடிவமும் ஒன்றே. 2013இல் வந்த இன்ரெல் நான்காந் தலைமுறை மடிக்கணினிகளுக்கு வேண்டியது எல் வகையே.

இதனை நான் பணங்கொடுத்தே கற்றேன். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கிய மாணவி ஒருத்தியின் கணினிக்கு, 'டீடீஆர் 3 தாருங்கள்' என்று கேட்டு வாங்கினேன். துண்டு அழகாகப் பொருந்திற்று. திரையோ இருண்டே கிடந்தது. பிரித்த பொருளைக் கடைக்காரர் மீள ஏற்கவில்லை. அவரைக் குறைகூறுவதற்கில்லை, கேட்டதைத்தான் அவர் தந்தார். கழற்றிய பழைய துண்டின் சீட்டில் விடை இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

அச்சீட்டில் 'பீசீ 3 எல் 12800 எஸ்' என்றிருந்தது. 3 என்பது தலைமுறை; எல் என்பது தாழ்ந்த மின்னழுத்தம்; எஸ் என்பது மடிக்கணினிக்குரிய குறுவடிவம். 12800ஐ 8 ஆல் வகுக்க வரும் 1600 அதன் வேகம். இதனினும் வேகமிக்க துண்டு, கணினி தாங்கும் வேகத்திலேயே ஓடும், மிகைவிலை வீண்.

கணினி ஏற்கும் உச்ச அளவைத் தயாரிப்பாளரின் கைந்நூலிற் காண்க. வின்டோசின் 32 பிற்றுப் பதிப்பாயின், 4 ஜிகாபைற்றுக்கு மேற்பட்டது பயன்படாது. இரு பொருத்திடங்கள் இருப்பின், ஒத்த அளவுத் துண்டுகள் இரண்டு இணைந்து விரைவாகப் பணிபுரியும். மாற்றுமுன் மின்னிணைப்பை நீக்குக. மின்கலத்தையும் துண்டித்தல் வேண்டும்.

நேயர்களே, அன்று விடுபட்டது ஓர் எழுத்தே. அம்மாணவி இழந்ததோ இரண்டு நாட்கள். விலையைக் கேட்கு முன்னர்ச் சீட்டைப் படிப்போமாக.