வரி விழுந்தால் வருந்த வேண்டாம்

(எழுத்தறிவு மையத்தின் மாலைக் கூட்டத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



போன வாரம் வகுப்பு முடிந்தது. ஓர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, வயித்துல வரி வரியா இருக்கே, இது போகுமா?" என்று மெதுவாகக் கேட்டார். நம்மில் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது. கேட்கத்தான் கூச்சம். அதனால் இன்று அதைப் பற்றியே பேசுவோம்.

முதலில் என் கதை. நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது ஒரே வருடத்தில் மளமளவென்று வளர்ந்தேன். இடுப்பிலும் தொடையிலும் கருஞ்சிவப்பாகக் கோடுகள் விழுந்தன. ஏதோ நோய் என்று பயந்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு வருடம் அந்தப் பயத்தோடு இருந்தேன். பிறகு சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "இது நோய் இல்லம்மா, நீ வளந்ததுக்கு அடையாளம்" என்றார்.

இந்த வரி எப்படி விழுகிறது? இறுக்கமான ரவிக்கையை நினைத்துப் பாருங்கள். தையல் ஓரத்தில் துணி இழுபடும். கிழியாது. ஆனால் நூல் விலகி நைந்து போகும். நம் தோலின் உள்ளேயும் மெல்லிய நார்கள் இருக்கின்றன. உடம்பு வேகமாகப் பெருக்கும்போது அந்த நார்கள் விட்டுப்போகின்றன. அந்த இடம்தான் வரியாகத் தெரிகிறது. முதலில் சிவப்பாகவோ கருமையாகவோ இருக்கும். மாதங்கள் போகப் போக வெளுத்து மங்கிவிடும். முழுக்க மறையாது.

கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது வருகிறது. பெரும்பாலும் ஆறு, ஏழு மாதத்துக்குப் பிறகு வரும். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். வளரும் பையன்களுக்கும் வரும். சட்டென்று எடை கூடினாலும் வரும்.

"வயித்தைச் சொறிஞ்சா வரி விழும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. தோல் இழுபடுவதால்தான் வரி விழுகிறது. அப்போது அரிப்பும் சேர்ந்து வருகிறது. ஆனால் நகத்தால் சொறிந்தால் புண்ணாகும். தேங்காய் எண்ணெய் தடவினால் அரிப்பு அடங்கும்.

எண்ணெயோ கிரீமோ தடவினால் வரி வராமல் தடுக்கலாமா? ஆலிவ் எண்ணெய், கோகோ வெண்ணெய் இவற்றைத் தடவிய கர்ப்பிணிகளையும், தடவாதவர்களையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் நானூறு ரூபாய் கொடுத்துக் கிரீம் வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு முட்டையும் பழமும் வாங்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். என் சொந்த அக்கா முதல் பிள்ளை உண்டாகியிருந்தார். யாரோ சொன்னார்கள், "கம்மியா சாப்பிடு, வயிறு சின்னதா இருந்தா வரி விழாது" என்று. அக்கா ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டார். எங்களுக்குத் தெரியாது. ஏழாம் மாதம் எடை போட்டபோது ஒரு கிலோகூடக் கூடவில்லை. நர்ஸ் அம்மா கண்டுபிடித்துக் கண்டித்தார். அதன் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. வரியும் விழுந்தது. "வரி கிடக்கு, பிள்ளையைப் பாரு" என்கிறார் இப்போது.

சாதாரண எடை உள்ள பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் 10 முதல் 12 கிலோ வரை எடை கூட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் நல்லது. வரிக்குப் பயந்து யாரும் பட்டினி கிடக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. படர்தாமரைக்கும், முகம் வெளுப்பதற்கும் என்று கடையில் டியூப் வாங்கித் தடவுகிறோம். பலவற்றில் ஸ்டீராய்டு என்ற மருந்து கலந்திருக்கிறது. அதைப் பல வாரம் தடவினால் தோல் மெலிந்துவிடும். தொடையிலும் அக்குளிலும் அகலமான வரி விழும். வரியைப் போக்கத் தேடிப் போகிற நமக்கு, வரியைக் கொடுக்கிற மருந்தே கிடைத்தால் எப்படி? 2018-ஆம் ஆண்டு அரசு இப்படிப்பட்ட கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. டியூப் வரும் அட்டைப் பெட்டியைப் பாருங்கள். இடது பக்கம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டிய மருந்து.

வந்த வரிக்கு வைத்தியம் உண்டா? புதிய வரிக்குத் தோல் மருத்துவர் சில களிம்புகள் கொடுப்பார். டிரெட்டினாயின் அதில் ஒன்று. அதைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. லேசர் வைத்தியமும் இருக்கிறது. செலவு அதிகம். பல முறை போக வேண்டும். அதிலும் வரி மங்கும், முழுக்கப் போகாது.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்? கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கடுமையான அரிப்பு இருந்தால், அதுவும் இரவில் அதிகமானால், தாமதிக்காதீர்கள். கல்லீரல் கோளாறாக இருக்கலாம். அது குழந்தைக்கு ஆபத்து. கர்ப்பம் இல்லாதபோது ஊதா நிறத்தில் அகலமான வரிகள் விழுந்து, முகமும் உப்பிப் போனால் அதையும் காட்டுங்கள்.

என்னைக் கேள்வி கேட்ட அக்கா நேற்று ஒரு கிரீம் பெட்டியோடு வந்தார். "நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன். சிவப்புக் கோடும் இருக்கு. இனிமே தடவ மாட்டேன்" என்றார். போன வருடம் அவர் கைநாட்டு வைத்தவர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் நீங்களும் உங்கள் மருந்துப் பெட்டிகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். வயதுக்கு வந்த மகள் இருந்தால் இந்த வரியைப் பற்றி அவளிடம் பேசுங்கள். என்னைப் போல அவள் ஒரு வருடம் பயந்துகொண்டிருக்க வேண்டாம்.