குடும்பம் என்னும் அலகு: பொழுதுபோக்கு மையங்களைத் திட்டமிடுதலும் நடத்துதலும்



குடும்பப் பொழுதுபோக்கு மையம் என்பது மின்னணு விளையாட்டுகள், பௌலிங் தடங்கள், சிறுவர்க்கான மெத்தை விளையாட்டுக் களம், லேசர் டேக் அரங்கு, உணவகம் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ்க் கொண்டதும், பெரும்பாலும் வணிக வளாகத்துக்குள்ளோ அதன் அருகிலோ அமைவதுமான நடுத்தர அளவுள்ள நிறுவனமாகும். கேளிக்கைப் பூங்கா மக்களிடம் ஒரு முழு நாளைக் கேட்கிறது. அதற்காக அவர்கள் நூறு கிலோமீட்டர் பயணம் செய்யவும் அணியமாக உள்ளனர். இம்மையமோ இரண்டு மூன்று மணி நேரத்தை மட்டுமே கேட்கிறது. அரைமணிப் பயணத் தொலைவில் வாழ்வோரையே நம்பியிருக்கிறது. அவர்கள் ஆண்டுக்குப் பலமுறை வந்தாலன்றி அது வாடகைகூடக் கட்ட இயலாது. இத்தகைய மையத்தின் வாடிக்கையாளர் குழந்தையே என்று கருதித் திட்டமிடுவோர் பலர். உண்மையில் வருவதும் செலவிடுவதும் திரும்பிச் செல்வதும் குடும்பமே. வர வேண்டும் என்று அடம்பிடிப்பது குழந்தையாக இருக்கலாம். எப்போது புறப்படுவது என்பதை முடிவு செய்பவர், உட்கார இடமின்றி நின்று சலித்த பாட்டியாகவோ கைக்குழந்தையைச் சுமந்திருக்கும் தாயாகவோ இருப்பார். இடப்பரப்பு, கட்டணம், அவசர வாயில் என இத்தொழிலின் எல்லாக் கணக்குகளுக்கும் தனிமனிதரை விடுத்துக் குடும்பத்தையே அலகாகக் கொள்ள வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து.

இக்கருத்தை முதலில் தொழிலாக்கிக் காட்டியவர்களில் நோலன் புஷ்னெல் குறிப்பிடத்தக்கவர். 1972-ல் அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அவர், அக்காலத்தில் காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுகள் மதுக்கூடங்களிலும் பௌலிங் கூடங்களிலுமே இருந்தமையால் சிறுவர்கள் அவற்றை அணுக முடியாதிருந்ததைக் கண்டு, 1977-ல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் பீட்சா டைம் தியேட்டர் என்ற கூடத்தைத் திறந்தார். பின்னாளில் சக் இ. சீஸ் என்று பெயர் பெற்றது அதுவே. அக்கூடத்தின் நுட்பம் காத்திருப்பில் அடங்கியிருந்தது. பீட்சா வேகும் நேரத்தைப் பிள்ளைகள் விளையாட்டிலும், பிள்ளைகள் விளையாடும் நேரத்தைப் பெற்றோர் இயந்திரப் பொம்மைகளின் மேடை நிகழ்ச்சியைக் காண்பதிலும் கழித்தனர். ஒவ்வொருவரின் காத்திருப்பும் மற்றொருவரின் மகிழ்ச்சிக்கு நேரமளித்தது. உள்ளே நுழையும் பெரியவரின் கையிலும் குழந்தையின் கையிலும் ஒரே எண்ணை முத்திரையிட்டு, வெளியேறும்போது அவ்விரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் முறையை அந்நிறுவனம் பிற்காலத்தில் கடைப்பிடித்தது. குடும்பத்தை அலகாகக் கொள்வது நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆயினும் அந்நிறுவனமே 1984-ல் திவாலாகிப் போட்டி நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. 2020-ல் பெருந்தொற்றும் முன்பே ஏறியிருந்த கடன்சுமையும் சேர்ந்து மீண்டும் அதை நீதிமன்றப் பாதுகாப்பைக் கோர வைத்தன. சிறுவர்க்கான உள்ளரங்க விளையாட்டுக் களங்களை அமெரிக்கா முழுவதும் விரைந்து திறந்த டிஸ்கவரி ஸோன், 1989-ல் தொடங்கி 1996-க்குள் திவாலானது. பணமும் படைப்பாற்றலும் குறைவின்றி இருந்த டிஸ்னி நிறுவனம்கூட, சிகாகோவில் 1999-ல் திறந்த டிஸ்னிகுவெஸ்ட் என்ற உள்ளரங்க மையத்தை 2001-ல் மூடிவிட்டது. தொழில்நுட்பப் புதுமையை மட்டும் நம்பும் மையத்துக்கு ஆயுள் குறைவு. இன்று வியப்பூட்டும் கருவி சில ஆண்டுகளில் வீட்டு வரவேற்பறைக்கே வந்துவிடுகிறது.

திட்டமிடலின் அடிப்படை கணக்கு. 1953-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் சார்பில் டிஸ்னிலாந்துக்கு இடம் தேர்ந்து தந்த ஹாரிசன் பிரைஸ் என்ற பொருளியல் வல்லுநர், இத்துறைக்கு எண்களின் ஒழுங்கைக் கொண்டுவந்தவர். அவர் வழியாகப் பரவிய கருத்துகளுள் முதன்மையானது ‘திட்ட நாள்’ என்பது. ஆண்டிலேயே மிக அதிகக் கூட்டம் வரும் ஒரு நாளுக்காகக் கட்டினால் மற்ற நாள்களில் இடமும் முதலும் வீணாகும். ஆண்டுச் சராசரிக்காகக் கட்டினால் கூட்டம் வரும் நாள்களிலெல்லாம் மையம் திணறும். ஆகவே உச்சப் பருவத்தில் வழக்கமாக அமையும் ஒரு நாளையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டுச் சூழலில் சொல்வதானால் காணும் பொங்கலுக்காகவும் கட்டக் கூடாது, ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமைக்காகவும் கட்டக் கூடாது. மே மாதத்தின் சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்காகக் கட்ட வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். ஆண்டுக்கு 1,50,000 பேர் வரக்கூடிய மையம் ஒன்றில், நாள் சராசரி ஏறத்தாழ 411. மே மாதத்தில் மட்டும் ஆண்டு வருகையின் 12 விழுக்காடு அமையுமானால் அம்மாதத்துக்கு 18,000 பேர். அதன் ஞாயிற்றுக்கிழமைகளில் நாளொன்றுக்கு 1,000 பேர் வருவதாகக் கொள்ளலாம். அவர்களில் 40 விழுக்காட்டினர் மாலையில் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்களெனில் 400 பேருக்கு இடம் வேண்டும். இதுவரை பாடநூல் சொல்லித் தரும். இந்த 400 பேரில் பாதிப்பேர் எதையும் விளையாடாத பெரியவர்கள் என்பதையும், அந்த 200 பேருக்கும் தம் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் இருக்கை வேண்டும் என்பதையும் திட்ட வரைபடத்தில் வரைந்து பார்க்கும்போதுதான் இடநெருக்கடி விளங்கும். 40 நாற்காலிகளைப் போட்டுவிட்டு மீதியிடத்தில் இன்னும் இரண்டு இயந்திரங்களை நிறுத்தும் உரிமையாளர், அவ்வியந்திரங்களின் வருவாயைப் பேரேட்டில் காண்பார். முக்கால் மணி நேரம் முன்னதாகவே எழுந்து சென்ற குடும்பங்களால் நேர்ந்த இழப்பு எந்தப் பேரேட்டிலும் பதிவாவதில்லை.

மணிநேரக் கொள்ளளவு என்பது மற்றொரு கணக்கு. ஒரு விளையாட்டு ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்று அனுப்ப முடியும் என்பதே அது. 20 பேர் ஆடும் லேசர் டேக் அரங்கில் ஆட்டம் 10 நிமிடமே என்றாலும், விதிகளை விளக்கவும் மேலங்கியை மாட்டவும் கழற்றவும் இன்னொரு 10 நிமிடம் ஆகுமானால், அதன் கொள்ளளவு மணிக்கு 60 பேர்தான். 120 என்று எழுதும் திட்ட அறிக்கை ஏட்டளவில் மட்டுமே இலாபம் காட்டும். விளக்கம் கூறுவதற்கும் ஆடை மாட்டுவதற்கும் தனி அறை கட்டி, ஒரு குழு ஆடும்போதே அடுத்த குழுவை அணியப்படுத்தினால் அதே அரங்கு ஏறக்குறைய இருமடங்கு பேரை ஏற்கும். கருவி விற்பவர் இந்த அறையைப் பற்றிப் பேசுவதில்லை, ஏனெனில் அவர் விற்கும் பொருள் அதுவன்று.

வருவாயைப் பொறுத்தவரை இத்தொழிலின் தலையாய இடர் நாள்காட்டியே. பள்ளி நடைபெறும் நாள்களில் காலை முதல் மாலை வரை மையம் காலியாக இருக்கும். வாடகையும் குளிரூட்டும் மின்செலவும் ஊதியமும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். பள்ளிக் குழுக்களின் வருகை, அலுவலகக் குழுக்களுக்கான மாலை நிகழ்ச்சி, வாரநாள்களில் குறைந்த கட்டணம் ஆகியவை ஓரளவு ஈடுசெய்யும். இவை அனைத்தையும்விடப் பிறந்தநாள் விழாக்கள் உறுதியானவை: முன்பணம் பெற்று முன்கூட்டியே விற்கப்படுகின்றன, எத்தனை பேர் வருவர் என்பதும் முன்பே தெரிந்துவிடுகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குடும்பம் தன் செலவில் இன்னும் பத்துக் குடும்பங்களை மையத்துக்கு அறிமுகம் செய்துவைக்கிறது. அவ்விழாவில் கேக் தாமதமாக வந்தால் அச்செய்தியையும் அந்தப் பத்துக் குடும்பங்களே வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் பரப்பும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

பரிசுச் சீட்டு ஆட்டங்களைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே பேச வேண்டியுள்ளது. ஆட்டத்தில் பெற்ற புள்ளிகளுக்கு ஏற்பச் சீட்டோ கார்டில் ஏறும் புள்ளியோ பெற்று, இறுதியில் பரிசு மாடத்தில் பொருளாக மாற்றிக்கொள்ளும் முறை இது. 1908-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஸ்கீ-பால் போன்ற ஆட்டங்களில் கையின் பயிற்சிக்கு மதிப்பு உண்டு. நூறு முறை உருட்டிய பிள்ளை முதல்முறை உருட்டும் பிள்ளையைவிட நன்றாக ஆடும். பொம்மையைக் கவ்வி எடுக்கும் கொக்கி இயந்திரங்களிலோ, கொக்கியின் பிடிவலிமையை நடத்துநரே கூட்டவும் குறைக்கவும் முடியும். திறமைக்கு இடமே இல்லாதபடி அதை அமைத்துவிட்டு அதற்கு விளையாட்டு என்று பெயரிடுவது, எட்டு வயதுப் பிள்ளையிடம் சூதாடுவதற்குச் சமம். பரிசுப் பொருளுக்கு ஆகும் செலவைக் குறைப்பதில் ஓர் எல்லை உண்டு. 800 ரூபாய் செலவிட்ட குடும்பம் ஒரு பிளாஸ்டிக் மோதிரத்தோடு வெளியேறும்போது, அந்த மோதிரத்தைப் பார்த்து அடுத்த வருகையைப் பற்றி முடிவெடுப்பவர் பணம் கொடுத்தவரே.

இனி இத்தொழிலின் மிகக் கடினமான பகுதியான பாதுகாப்பு. மாண் தீவின் டக்ளஸ் நகரில் 1971-ல் திறக்கப்பட்ட சம்மர்லேண்ட் என்ற பெரும் உள்ளரங்கப் பொழுதுபோக்கு மையம், மழைநாளிலும் குடும்பங்கள் கோடை விடுமுறையைக் கழிக்கலாம் என்ற நோக்கில் அக்ரிலிக் தகடுகளால் சூழப்பட்டுக் கட்டப்பட்டது. 1973 ஆகஸ்டு 2 அன்று, வெளியே சிறுவர்கள் புகைபிடித்ததால் ஒரு சிறு கொட்டகையில் பற்றிய தீ கட்டடத்துக்குள் பரவி 50 உயிர்களைப் பறித்தது. எளிதில் எரியும் தகடுகள், பூட்டப்பட்டிருந்த அவசரக் கதவுகள், தீயணைப்புத் துறைக்குத் தாமதமாகச் சென்ற தகவல் எனக் காரணங்கள் பல. பிள்ளைகளுக்கான பகுதிகள் கீழ்த்தளத்திலும் பெரியவர்களுக்கானவை மேல்தளங்களிலும் இருந்தமையால், தீ பரவியபோது பெற்றோர் பலர் வாயிலை நோக்கிச் செல்லாமல் பிள்ளைகளைத் தேடிச் சென்றனர். இத்தீயை ஆராய்ந்த உளவியலாளர் ஜொனாதன் சைம், நெருக்கடியில் மனிதர்கள் அருகிலுள்ள வாயிலைவிட அறிந்த மனிதரையும் அறிந்த வழியையும் நோக்கியே நகர்கின்றனர் என்று காட்டினார். நிமிடத்துக்கு எத்தனை பேர் ஒரு கதவைக் கடப்பர் என்று கணக்கிடும் பொறியாளர், அவர்களைத் தனித்தனி ஆட்களாகக் கொள்கிறார். தன் குழந்தையைக் காணாத தாய் அக்கணக்குக்குள் அடங்குவதில்லை. எனவே சிறுவர் களத்தைப் பெற்றோரின் பார்வைக்குள் வைப்பது வசதிக்காக மட்டும் செய்யப்படுவதன்று. அது உயிர்காக்கும் ஏற்பாடாகும்.

அரை நூற்றாண்டு கடந்தும் இப்பாடம் கற்கப்படவில்லை. 2024 மே 25 அன்று, கோடை விடுமுறையின் சனிக்கிழமை, குஜராத்தின் ராஜ்கோட் நகரில் டிஆர்பி கேம் ஸோன் என்ற மையத்தில் நேர்ந்த தீயில் குழந்தைகள் உட்பட 27 பேர் மாண்டனர். தகரத்தாலான கட்டடம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லை, எரிபொருள் உள்ளேயே சேமிக்கப்பட்டிருந்தது, மக்கள் உள்ளே இருக்கும்போதே வெல்டிங் வேலை நடந்தது, அன்றைய நுழைவுக் கட்டணமோ கூட்டத்தை ஈர்ப்பதற்காக 99 ரூபாயாகக் குறைக்கப்பட்டிருந்தது. விற்பனைத் துறை கூட்டத்தைக் கூட்டிய அதே நாளில் பராமரிப்புத் துறை தீப்பொறி பறக்கும் வேலையைச் செய்தது என்பதும், இரண்டையும் ஒருசேரப் பார்த்து ஒன்றை நிறுத்தும் அதிகாரம் பெற்றவர் அங்கு எவரும் செயல்படவில்லை என்பதும் மேலாண்மை பயின்றோர் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்திகள். தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில் மக்கள் கூடும் கட்டடங்களுக்கென்று தனி விதிகள் உள்ளன; கேளிக்கைச் சவாரிகளின் பாதுகாப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 15475 தரநிலை உள்ளது. விதிகளுக்குப் பஞ்சமில்லை.

சுற்றுலாவியலிலும் மேலாண்மையியலிலும் இன்று பட்டம் பெறுவோரில் சிலர் விரைவில் இத்தகைய மையங்களில் மேலாளர் பொறுப்பேற்கக்கூடும். பொறுப்பேற்கும் முதல் நாளில், கணக்குப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் கட்டடத்தின் ஒவ்வோர் அவசரக் கதவையும் தம் கையால் தள்ளித் திறந்து பார்க்குமாறும், அவற்றில் ஒன்றேனும் பூட்டியிருந்தால் அது திறக்கப்படும் வரை ஒரு குடும்பத்தையும் உள்ளே அனுமதிக்காதிருக்குமாறும், அதற்கு உரிமையாளர் இசையவில்லையெனில் அப்பணியை ஏற்காதிருக்குமாறும் அவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.