வர்றேன்னு சொன்னா வரணும்!

(தலைப்பு: வாடகை வண்டிப் பயணத்தில் பயணிகள் படும் எரிச்சலுக்குப் பெரிதும் காரணம் ஓட்டுநர்களா? சூழ்நிலையா?)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! ஓட்டுநர்களுக்காக உருகிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! இந்த அரங்கத்துக்கு பஸ்ஸிலே வந்தவர்களே, பேரம் பேசி ஆட்டோவிலே வந்தவர்களே! (சிரிப்பு) நான் சென்னை பெரம்பூரிலேயிருந்து வர்றேன். 'ஓட்டுநர்களே' என்கிற அணியிலே பேசுகிறேன்.

எனக்கு முன்னாலே பேசின அண்ணன், "கட்டுப்படியாகலே, அதனாலே கூடக் கேட்கிறாங்க" என்று சொன்னார். ஒத்துக்கறேன். கணக்கை நானே தர்றேன். தமிழக அரசு 2013 ஆகஸ்டிலே ஆட்டோ கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேலே கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அப்புறம் பத்து வருஷம் ஓடிப்போச்சு, அந்தக் கட்டணம் அசையவே இல்லை. நடுவிலே 2021-லே சென்னையிலே பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியாச்சு. இது அநியாயம்தான். (கைதட்டல்) எதிரணி தட்டுறாங்க. நல்லாத் தட்டிக்குங்க, இனிமே உங்களுக்கு வாய்ப்பு வராது! (சிரிப்பு)

நான் கேட்கிறது ஒண்ணுதான். உங்களுக்கும் அரசாங்கத்துக்கும் இருக்கிற வழக்கை, ரோட்டோரம் நிற்கிற பயணியோட மணிபர்ஸிலேயா தீர்த்துக்கறது?

ஒரு காலத்திலே மீட்டருக்கு சூடு வைத்தார்கள். பந்தயக் குதிரை மாதிரி ஓடும். அடுத்து, "மீட்டருக்கு மேலே போட்டுக் கொடுங்க" என்றார்கள். அதற்கும் அடுத்து, வண்டியிலே இருக்கிற சாமி படங்களோட மீட்டரும் ஒரு சாமியாகிவிட்டது. கும்பிடலாம், கேள்வி கேட்கக் கூடாது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

செல்போனிலே ஆப் வந்தது. இனி பேரம் இல்லை என்று சந்தோஷப்பட்டோம். நடந்தது என்ன? என் வீட்டுக் கதையையே சொல்றேன்.

என் அம்மாவுக்கு சிறுநீரகக் கோளாறு. வாரம் மூணு நாள் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்குப் படுக்கையிலே இருக்கணும். போன மழைக்காலத்திலே ஒரு நாள், அஞ்சேகாலுக்கு வண்டி பதிவு பண்ணினேன். 'நாலு நிமிஷம்' என்று காட்டியது. உடனே போன்.

"எங்க போகணும்க்கா?"

"கீழ்ப்பாக்கம், தம்பி."

"கேஷா, ஆன்லைனா?"

"ஆன்லைன்."

"அப்படியா... கொஞ்சம் கேன்சல் பண்ணிடுங்கக்கா."

"நீங்களே பண்ணிடுங்களேன்."

"நான் பண்ணா எனக்கு ஃபைன் விழும்க்கா."

சட்டம் தெரிஞ்ச தம்பி! 2020-லே மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறையிலே, ஏற்றுக்கொண்ட பயணத்தைத் தக்க காரணம் இல்லாமல் ரத்து செய்கிற ஓட்டுநருக்குக் கட்டணத்திலே 10 சதவீதம் அபராதம், 100 ரூபாய்க்கு மேற்படாமல். பயணி ரத்து செய்தால் பயணிக்கும் அதே கதி. ஆக, பொத்தானை யார் அமுக்கறது என்பதிலேதான் விளையாட்டே இருக்கிறது. அந்தத் தம்பி போனை வைத்துவிட்டார். வரைபடத்திலே வண்டி டீக்கடை வாசல்லே நிற்கிற மாதிரி நின்னுக்கிட்டே இருக்கு. வரவும் இல்லை, வரலைன்னும் சொல்லலை. இப்படி மூணு வண்டி.

அம்மா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பையை மடியிலே வைத்துக்கொண்டு வாசப்படியிலே உட்கார்ந்திருந்தாங்க. என் முகத்தைப் பார்த்துட்டு, "விடும்மா, மெதுவா நடந்தே போயிடலாம்" என்றாங்க. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறவங்க என் அம்மா. (அரங்கில் அமைதி)

கடைசியிலே தெருமுனை ஆட்டோ. அஞ்சு கிலோமீட்டர். அரசுக் கணக்குப்படி 63 ரூபாய் 40 காசு. அவர் கேட்டது 300. கொடுத்தேன். போய்ச் சேரும்போது மணி ஏழு. அடுத்த நோயாளிக்குப் படுக்கை வேணுமே! நாலு மணி நேரம் ஓட வேண்டிய இயந்திரம் அம்மாவுக்கு மூணு மணி நேரம்தான் ஓடியது.

நடுவர் அவர்களே, 300 ரூபாய்க்காக நான் இந்த மேடைக்கு வரவில்லை. முதல் தம்பி "வர முடியாது" என்று நேரே சொல்லி ரத்து செய்திருந்தால், அஞ்சு இருபதுக்கே வேறு வழி பார்த்திருப்பேன். அபராதம் அதிகம் போனால் 100 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க அவர் எடுத்துக்கொண்டது என் அம்மாவோட ஒரு மணி நேரம்! (பலத்த கைதட்டல்)

"எல்லா ஓட்டுநரும் அப்படியா?" என்று கேட்பீர்கள். இல்லை. இப்போ எங்க தெரு ஆட்டோக்காரர் ஒருத்தர் வர்றார். முதல் நாளே சொன்னார்: "மீட்டர் கட்டாதும்மா. 120 ரூபா குடு. ஆனா நாள் தவற மாட்டேன்." தவறவில்லை. ஒரு நாள் அவர் வண்டி பஞ்சர். மச்சானை எழுப்பி அனுப்பிவைத்தார். அவர் போடுவதும் அதே பெட்ரோல்தான். அவர் தலையிலே பெய்வதும் அதே மழைதான். சூழ்நிலைதான் காரணம் என்றால், இவர் மட்டும் எப்படி வர்றார்? எதிரணி பதில் சொல்லட்டும்! (கைதட்டல்)

ஓட்டுநர் அண்ணன்மார்களே, தம்பிமார்களே! கட்டணத்தை உயர்த்தச் சொல்லிப் போராடுங்க, கொடி பிடிக்க நானும் வர்றேன். கூட வேணுமா, முகத்துக்கு நேரே கேளுங்க, முடிந்தவங்க கொடுப்பாங்க. ஆனா வர்றேன்னு சொன்னா வாங்க. முடியாதுன்னா அப்பவே சொல்லிடுங்க. ஏதோ ஒரு வாசப்படியிலே, பையை மடியிலே வச்சுக்கிட்டு, உங்க வண்டிச் சத்தத்துக்காக யாரோ ஒரு அம்மா காத்துக்கிட்டிருக்காங்க.

(நீண்ட கைதட்டல்)