மூஸ் கிராமத்துப் பள்ளிக்கூடம்

டிசம்பர் பிறந்துவிட்டால், அந்தமானில் புழுக்கம் தணியாத இந்த ஹேடோவிலும் பஞ்சைப் பனியாகப் பாவித்து ஒட்டிய செயற்கை மரங்கள் முளைத்துவிடுகின்றன. அந்த அலங்காரத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும், அந்நிய தேசத்துக் கிறிஸ்துமஸ் சம்பிரதாயங்களைக் குழந்தைகளுக்குப் போதிக்க விரும்பும் ஆசிரியர், தேசப்படத்தில் லண்டனைத் தேடுவதற்கு முன்னர், ஹேடோ கப்பல்துறையில் நின்று தெற்கே நோக்குதல் உசிதம் என்பேன்.

அங்கே, கார் நிகோபார்த் தீவின் மூஸ் கிராமத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் பள்ளிக்கூடம் நடத்தினார். கிறிஸ்தவத்திற்குப் புதியவர்களான சிறுவர்களுக்கு, ஆங்கிலேயர் வழியாக வந்த பண்டிகையை, சென்னைச் சீமையைச் சேர்ந்த ஒருவர் கற்பித்தார் என்பது சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று. அவரிடம் பயின்று, பர்மாவின் மாண்டலே நகரில் கல்வி பெற்றுத் திரும்பிய ஜான் ரிச்சர்ட்சன், பிற்காலத்தில் பிஷப்பாகவும், 1952இல் அந்தமான் நிகோபார்த் தீவுகளின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியதோடு, வேதாகமத்தை நிகோபாரி மொழியிலும் பெயர்த்தார்.

அச்சிறுவர்களின் சந்ததியார் இன்று கொண்டாடும் கிறிஸ்துமஸில் பனியும் இல்லை, ஊசியிலை மரமும் இல்லை. துஹேத் எனப்படும் கூட்டுக் குடும்பங்கள் ஒன்றுகூடுகின்றன. அவர்களது செல்வமாகிய பன்றி விருந்தாகிறது. தாய்மொழியில் கீதங்கள் எழுகின்றன. 2004ஆம் ஆண்டில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியது. ஆதலின் அங்கே ஆனந்தத்தின் அருகிலேயே துக்கமும் அமர்ந்திருக்கிறது. இதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் அறிந்த குழந்தை, பிற நாடுகளின் வழக்கங்களைக் கேட்கும்போது, 'ஏன்?' என்ற வினாவையும் எழுப்பும். பகற்பொழுது குறுகிப்போகும் ஸ்வீடனில், டிசம்பர் 13ஆம் நாள் லூசியா திருநாளன்று, சிறுமி தலையில் தீபங்களைச் சூடி வருவதும், போலந்தில் 24ஆம் நாள் மாலையில் முதல் நட்சத்திரம் தோன்றும் வரை பிள்ளைகள் விருந்துக்குக் காத்திருப்பதும், பிலிப்பைன்ஸில் டிசம்பர் 16 முதல் ஒன்பது நாட்கள் விடியற்காலைப் பூசைக்குச் செல்வதும், எத்தியோப்பியா தன் பழைய பஞ்சாங்கத்தின்படி ஜனவரி 7ஆம் நாள் கொண்டாடுவதும் வெறும் வேடிக்கைச் செய்திகளாக அப்போது நின்றுவிடா.

ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். வகுப்பில் நிகோபாரி மாணவர் எவரேனும் இருந்தால், முதற்பாடத்தை அவரே நடத்தட்டும். ஸ்வீடனுக்குப் பிறகு போய்க்கொள்ளலாம்.