இரும்புக்குள் என்ன தெரியும்?

மறைமலை நகர், ஒரகடம் பக்கம் கார் பாகங்களைச் சோதிக்கிற மைக்ராஸ்கோப், பள்ளியில் வெங்காயத் தோல் பார்த்தோமே, அந்த ரகம் இல்லை. பள்ளி மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம் கீழிருந்து வரும். இரும்புக்குள் ஒளி நுழையாதே! அதனால் உலோக மைக்ராஸ்கோப்பில் லென்ஸ் வழியாகவே வெளிச்சம் விழுந்து, பட்டுத் திரும்புகிறது.

வார்ப்பிரும்பில் ஒரு துண்டு வெட்டி, எமரி தாளில் தேய்த்து, கண்ணாடிபோல மெருகேற்றிப் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் கிராஃபைட் உருண்டை உருண்டையாகத் தெரிந்தால், கிராங்க் ஷாஃப்டுக்கு ஆகும். செதில் செதிலாக இருந்தால் பிரேக் டிரம்முக்குச் சரி. இழுத்தால் தாங்காது, செதில் முனையில் விரிசல் கிளம்பும். நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் சில நொடி நனைத்தால் உலோக மணிகளின் எல்லைக்கோடுகளும் துலங்கும். 1860களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹென்றி சோர்பி தொடங்கிவைத்த வித்தை இது.

சர்க்யூட் போர்டில் சால்டரிங் சரிபார்க்க இன்னொரு ரகம், ஸ்டீரியோ மைக்ராஸ்கோப். இரண்டு கண்ணுக்கும் தனிப்பாதை என்பதால் மேடு பள்ளம் தெரியும்.

பள்ளியில் பார்த்த அந்தச் சாதாரண மைக்ராஸ்கோப்பைக் கையாளும்போது குறைந்த பவர் லென்ஸில் ஆரம்பியுங்கள். பக்கவாட்டில் பார்த்தபடி லென்ஸை அருகே கொண்டுபோய், பிறகு விலக்கிக்கொண்டே ஃபோகஸ் செய்யுங்கள். உயர் பவரில் பெரிய திருகைத் தொடவே கூடாது. லென்ஸ் இடித்துக் கீறிவிடும். லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கென்றே மெல்லிய லென்ஸ் தாள் விற்கிறதே, ஐயா!