அந்தரங்கம் காத்தல் அவரவர் கடமை

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



குடும்பத்தின் உள்விஷயம் வாயிற்படியைத் தாண்டலாகாது என்பது நம் முன்னோர் வகுத்த ஒழுக்கம். பெண்ணின் ஜாதகம் வேண்டுவோர் நேரில் வந்து கேட்பர்; அன்னாரின் ஊர், குடும்பம், நடத்தை முதலியவற்றை விசாரித்தறிந்த பின்னரே பெரியோர் பிரதி எழுதிக் கொடுப்பர். இக்காலத்திலோ கைப்பேசியில் விரல் பட்ட மாத்திரத்தில் அஃது, புகைப்படத்துடன், நூற்றுக்கணக்கானோரை அடைகின்றது. அப்பெண் மணமாகிப் புக்ககம் சென்ற பின்னரும் அது பலருடைய கைப்பேசியில் தங்கிவிடுகின்றது.

அதில் அடங்கியவை யாவை? பெயர், பிறந்த தேதி, தாய் தந்தையர் பெயர், உத்தியோகம், சம்பளம், விலாசம், தொலைபேசி எண் ஆகியனவாம். வங்கி அலுவலர்போல் பேசி வஞ்சிக்கக் கருதுவோனுக்கு இவற்றினும் வேறு என்ன வேண்டும்? நம் பெயரையும் பிறந்த தேதியையும் பிழையறச் சொல்பவனை நம்புதல் மனித இயல்பு. அவ்வாறு நம்பியவரிடம் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டுப் பெறுதல் அவனுக்கு எளிது.

சட்டம் நம்மைக் காவாதோ என்று சிலர் வினவலாம். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பெற்றது. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. ஆயினும் அதன் 3-ஆம் பிரிவைக் கவனிமின். ஒருவர் சொந்தக் காரியத்துக்கும் வீட்டுக் காரியத்துக்கும் கையாளும் தகவலும், தம்மைப்பற்றித் தாமே பொதுவில் வெளியிட்ட தகவலும் அச்சட்டத்துக்குப் புறம்பானவை. ஆகவே, நாமே திறந்துவைத்த கதவுக்கு அச்சட்டம் காவல் நில்லாது.

எனவே நாம் செய்யத்தக்கன சில உள. ஜாதகத்தை அனுப்புமுன் உரிய பெண்ணின் அல்லது பிள்ளையின் சம்மதத்தைப் பெறுக. மறைத்தால் வரன் அமைவது எங்ஙனம் என்பீர்களாயின், நட்சத்திரமும் படிப்பும் முதலில் போதும். இரு வீட்டாரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட பின் படமும் விலாசமும் தரலாம். ஆதார் பிரதி கேட்குமிடத்து, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே தெரியும் பிரதி ஏற்கப்படுமாயின் அதையே கொடுக்க. போலீஸ் என்று சொல்லி வீடியோவில் தோன்றி, “டிஜிட்டல் கைது” என அச்சுறுத்துவோனுக்கு அஞ்சற்க. அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பணம் பறிபோயின், நாணித் தாமதியாது 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க. தாமதிக்குந்தோறும் அப்பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறி மீட்டற்கரியதாகும்.

பிறர் அந்தரங்கமும் நம் கையில் அடைக்கலமாயுள்ளது. நம்மை நம்பி ஒருவர் அனுப்பிய படத்தை அவரைக் கேளாது பிறர்க்கு அனுப்புதல், ஒப்படைத்த பொருளை விற்பதனோடு ஒக்கும். சிறு குழந்தைகளுக்குச் சம்மதம் சொல்லவும் தெரியாதாகலின், அவர்தம் படங்களில் நமக்குள்ள பொறுப்பு இரட்டிப்பாகும்.

இக்கடமை நம் சங்கத்துக்கும் உண்டு. அங்கத்தினர் விலாச ஜாபிதாவையும் வரன் விவரங்களையும் உரியவர் சம்மதமின்றி வெளியிடுவதில்லையென்றும், திருமணம் நிச்சயமானவுடன் விவரங்களை நீக்கிவிடுவதென்றும் இக்கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் நிறைவேற்றும்படி அக்கிராசனர் அவர்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்கின்றேன்.