ஏற்றப்பாட்டும் மேலாண்மையும்



வேலையைப் பற்றி வெகுமக்கள் கலை ஒன்று சொல்கிறது. மேலாண்மையியல் வேறொன்று சொல்கிறது. இரண்டிலும் விடுபட்டது யாது என்பதே என் உரைப்பொருள்.

'படகோட்டி' (1964), 'விவசாயி' (1967), 'ரிக்‌ஷாக்காரன்' (1971) எனத் தொழிற்பெயரையே தலைப்பாகக் கொண்ட எம்.ஜி.ஆர். படங்கள் உழைப்பாளிக்குத் தந்த பெருமை சிறிதன்று. ரிக்‌ஷா ஓட்டுபவர் கதைத்தலைவராகலாம் என்பதே அன்று பெருஞ்செய்தி. ஆயினும் அவர் நாளொன்றுக்கு எத்தனை சவாரி போனார், வண்டி வாடகை போக மிஞ்சியது எவ்வளவு என்பன நம் நினைவில் இல்லை. நிற்பது அவர் வீரமே. 'அண்ணாமலை'யில் (1992) பால்காரர் ஒரே பாட்டுக்குள் பெருஞ்செல்வராகிவிடுகிறார். ஆண்டுக்கணக்கான வேலையைச் சில நிமிடங்களில் விழுங்கும் அந்தப் பாட்டை நாமும் கைதட்டித்தான் ரசித்தோம். மலையில் மூட்டை சுமப்பவரின் நடையைப் பொறுமையாகக் காட்டிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) போன்றவை விதிவிலக்குகள்.

மேலாண்மையியலோ வேலையை மிக நெருங்கிப் பார்த்தது. அமெரிக்கரான பிரெடரிக் டெய்லர் 1911-இல் வெளியிட்ட நூலில் இரும்புப் பாளம் சுமக்கும் ஒருவரைக் காட்டுகிறார். நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் சுமந்தவர், எப்போது தூக்க வேண்டும், எப்போது இளைப்பாற வேண்டும் எனக் கட்டளையிடப்பட்டபின் நாற்பத்தேழரை டன் சுமந்தாராம். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராயிற்று. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலியோ இரு மடங்கும் இல்லை. இத்தகைய வேலைக்கு ஏற்றவன் மனத்தால் எருதை ஒத்தவன் என்றும் அவர் எழுதினார். அந்த 'எருது' என்ன நினைத்தது என்பதை அந்நூல் கேட்கவில்லை.

நம் ஏற்றப்பாட்டை இங்கே வைத்துப் பாருங்கள். பிள்ளையார் வணக்கத்தோடு தொடங்கி, இறைத்த சால்களின் எண்ணிக்கையை அடிதோறும் கோத்துச் செல்வது அது. துலாவின்மேல் ஏறி இறங்கும் காலுக்குத் தாளம். பாய்ந்த நீருக்குக் கணக்கு. பாடுபவர் மனத்துக்கு வடிகால். டெய்லர் கையில் வைத்திருந்த கடிகாரத்தை நம் ஏற்றக்காரர் தம் குரலில் வைத்திருந்தார். ஏற்றம் நின்றதும் பாட்டும் பாதியில் நின்றுவிட, அடுத்த அடியை அறியக் கம்பர் மறுநாள்வரை காத்திருந்தார் என்னும் கதையை நாம் அறிவோம். வரலாறோ கற்பனையோ, கவிஞர் உழைப்பவரின் நேரத்துக்குக் கட்டுப்பட்ட கதை அது!

இவ்வூரை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரிய உறுப்பினருக்குரிய தகுதிகளை விரிவாக வகுக்கின்றன: வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனை, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது. கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. மேலாண்மைக்கு இதனினும் சிறந்த பழஞ்சான்று அரிது. ஆனால் ஏரியில் மண் சுமந்தவர் அக்கல்லில் இல்லை. கல் நிருவாகிகளுக்குக் கிடைத்தது. கூலியாளுக்குக் கிடைத்தது பாட்டு. பம்புசெட்டு வந்தபின் அதுவும் போயிற்று.

இன்று நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனிப் பேருந்தில் போகிறார்கள். எத்தனை உருப்படி முடிந்தது என்பதை அங்கே இயந்திரம் எண்ணுகிறது. இரவுப் பணி முடிந்து திரும்பும் பெண் சன்னலில் தலைசாய்த்து உறங்குகிறாள். அவள் கணக்கை அவள் குரலில் சொல்லும் கவிதை நம் வட்டத்தில் இன்னும் வாசிக்கப்படவில்லை.